வெறிகாரர் ஒழுங்கையில் அக்காவுக்கு ஒரு வீடு

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ ஒன்றாக இருந்தால் கதை இரண்டுதான். ஒன்று முழங்கால். மற்றது காணி விலை. யாருடைய வளவு என்ன விலைக்குப் போனது, எந்தத் தெருவில் நம்பி வாங்கலாம், எந்தப் பக்கம் சும்மா தந்தாலும் போகக்கூடாது என்பதெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நானும் கதிரையை இழுத்துப் போட்டுத் தலையாட்டிக்கொண்டு கேட்பேன். "அந்தப் பக்கம் சனம் சரியில்லை" என்று யாராவது தொடங்கும்போது மட்டும் எனக்குக் களைத்துவிடும். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவேன். சபையில் வாய் திறந்தால் மூன்று பேர் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம், குடாவைக் கடந்து மூதூர் லோஞ்சு வந்து கட்டும் ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒடுங்கிய தெருவாக ஓர் ஒழுங்கை இருக்கிறது. அதற்கு நகரசபை வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அது வெறிகாரர் ஒழுங்கை. வெள்ளைக்காரன் காலத்தில் அதன் முனையில் ஒரு சாராயத் தவறணை இருந்ததாம். கப்பலால் இறங்குகிறவர்கள் நேரே அங்கேதான் போவார்களாம். நான் பிறக்க முன்னரே தவறணையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் எங்கள் காலத்தில் ஒரு விறகுகாலையும், அதை ஒட்டி ஒரு தையல்காரரின் கடையும் இருந்தன. பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்பா துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். நாங்கள் கந்தோர் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்கு இருபத்திரண்டு. எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் பேரப்பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. நகை கூடலாம், குறையலாம். வீடு இல்லாமல் பேச்சே தொடங்காது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து பெண் வீட்டில் இருப்பார். வீடு பெண்ணின் பேரில் எழுதப்படும். ஆகவே பெண் இருபதைத் தாண்டினால் தகப்பன்மார் மாப்பிள்ளை தேட முன்னர் வீடு தேடுவார்கள்.

அப்பா தேடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் மத்தியானம் முகம் சிவந்து வருவார். கோயிலுக்குக் கிட்டவுள்ள தெருவில் பெரியப்பா இருந்தார். அது தபால் கந்தோர், கச்சேரி, பள்ளிக்கூடம் என்று உத்தியோகம் பார்த்தவர்கள் இருந்த தெரு. வீட்டில் அதை "நல்ல தெரு" என்றே சொல்லுவோம். அங்கே வீடு வாங்க அப்பாவுக்கு ஆசை. விலையைக் கேட்டுவிட்டு வந்து, எங்கள் கையிலுள்ளதற்கு அங்கே ஒரு கிணறும் கக்கூசும்தான் வாங்கலாம் என்றார். பிறகுதான் வெறிகாரர் ஒழுங்கையில் ஒரு கல்வீடு விலைக்கு வந்தது. மூன்று அறை, காவி நிலம், நல்ல தண்ணீர்க் கிணறு, ஓடு புதிது. விலை நல்ல தெருவில் பாதி.

பெரியப்பாவிடம் சொல்லப் போனபோது நானும் அப்பாவின் சைக்கிளில் முன்னுக்கு இருந்து போனேன்.

"அந்த ஒழுங்கைக்குள்ளயோ? உனக்கென்ன விசரோ?" என்றார் பெரியப்பா. "குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு அதுக்குள்ள போய் இருக்கப்போறியோ?"

"விலை சரியாயிருக்கு அண்ணை."

"ஏன் சரியாயிருக்கெண்டு யோசிச்சனியோ?"

அப்பா யோசித்தார். யோசித்துக்கொண்டே வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டை நினைத்து வெட்கப்பட்டார். அதுதான் இந்தக் கதை முழுவதும்.

கச்சான் காற்றுத் தொடங்கிய கிழமை குடிபோனோம். அந்தத் தென்மேற்குக் காற்றை நீங்கள் அறிவீர்கள். காலை பத்து மணிக்கு எழும்பி, மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுக் கோப்பைக்குள் போடும். உதடு வெடிக்கும். எங்கள் ஒழுங்கைக்குள் மண்ணோடு துறைமுக வாசமும் வரும்: எரிந்த எண்ணெய், ஈரக் கயிறு, காயப்போட்ட சூடைமீன். பகல் முழுக்க எங்கோ ஒரு கப்பலில் துரு தட்டுகிற சத்தம் கேட்கும். வேலை முடிந்து டொக்யாட் சங்கு ஊதினால் ஒழுங்கையில் அடுப்புகள் மூட்டப்படும். முதல் நாட்களில் தலை இடித்தது. பிறகு துரு தட்டாத ஞாயிறுகளில்தான் எனக்கு ஏதோ குறைவது போல இருந்தது.

அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கதவும் ஒரே சாம்பல் நிறம். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் எப்படியோ தகரத்தோடு வீடு வந்து சேரும். யாரும் எப்படி என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டுக் கதவும் சாம்பல்தான். அக்கா உள்ளே வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இந்தச் சுவரையாவது நான் என் விருப்பத்துக்கு அடிக்கப் போகிறேன் என்றாள். சுண்ணாம்பைக் கரைத்து, உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கூடக் கூடக் கலந்து, பழைய சேலையைத் தலையில் கட்டிக்கொண்டு விறாந்தையையும் முன்னறையையும் தானே அடித்தாள். நான் வாளி பிடித்தேன். ஈரமாக இருக்கும்போது அழுக்கு நிறமாகத் தெரிந்தது, காய்ந்த பிறகு காலை நேரத்துக் கடலின் நிறம் வந்தது. அக்கா நடுஅறையில் நின்று, "இது என்ர வீடு, தெரியுமோ? நீ கலியாணம் கட்டிப் போகேக்க அழக்கூடாது, உனக்கு வேற வீடு," என்று என்னைப் பகிடி பண்ணினாள். அவ்வளவு சந்தோசமாக அவளைப் பிறகு நான் பார்க்கவில்லை.

அயல் என்றால் இடது பக்கம் லொறிக்கார மாமி. புருசன் துறைமுகத்து லொறி ஓட்டுகிறவர். மாமி குசினியில் இருந்து பிள்ளையைக் கூப்பிட்டால் ஜெட்டியில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கம் மூதூரிலிருந்து வந்து தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். மற்ற வீடுகளில் மூட்டை தூக்குகிறவர்கள், வள்ளம் பூசுகிறவர்கள், ஒரு நேர்ஸ். வெறிகாரர்? ஒரேயொருவர் இருந்தார். பின்னேரம் மதகில் படுத்துக்கிடப்பார், யாருக்கும் தொல்லை கொடுக்கமாட்டார். அவரும் எங்கள் ஒழுங்கைக்காரர் இல்லை, பெரியப்பாவின் நல்ல தெருக்காரர். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். தன் தெருவில் குடித்தால் மானம் போய்விடும் என்று எங்கள் ஒழுங்கைக்கு வந்து குடித்தார். கணக்கு மட்டும் எங்கள் ஒழுங்கையின் பேரில் ஏறியது.

பள்ளிக்கூடம் விட்டு ரியூசனும் முடிந்து நான் மைம்மல் இருட்டும் நேரத்தில் அந்த ஒழுங்கைக்குள் தனியே நடந்து வருவேன். முனையிலிருந்து வீடு வரைக்கும் வாசல் வாசலாகக் குரல் வரும். "ஆர் பிள்ளை அது? கிளாக்கற்ற சின்னவளோ? கெதியாப் போ, அம்மா தேடுறா." ஒரு வாசல் விட்ட இடத்தில் அடுத்த வாசல் பிடிக்கும். நல்ல தெருவில் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது எல்லா கேற்றும் உள்ளால் கொளுவியிருக்கும். நாய்தான் என்னை யாரென்று கேட்கும். எனக்கு அங்கேதான் பயம். இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார், சின்னப்பிள்ளைக் கதை என்றார்.

அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். சைக்கிளை வீட்டுக்குள் எடுத்து யன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டுவார். ஒருநாள் ஏதோ யோசனையில் அதை ஜெட்டியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டார். பொழுதுபடும் நேரம் லொறிக்காரர் உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அப்பா நன்றி சொன்னார். சொல்லிக்கொண்டே மணியும் லைட்டும் இருக்கிறதா என்று கையால் தடவினார். லொறிக்காரர் அதைக் கண்டார். கண்டும் காணாத மாதிரி, "காத்து இறங்கிக் கிடக்கு, அண்ணை, நாளைக்கு அடியுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி மாதம் நெருங்கும்போது அந்தச் சம்பந்தம் வந்தது. கலியாணம் பேசுகிறவர் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, இது கைநழுவக்கூடாத இடம் என்றார். மாப்பிள்ளை வாத்தியார். ஊர் கட்டைபறிச்சான், குடாவுக்கு அந்தப் பக்கம். வயல், மாடு எல்லாம் உண்டு. மகனுக்கு ரவுணில் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது, லோஞ்சில் போய்வர ஏலாது, ஆகவே ரவுணில் வீடுள்ள பெண் வேண்டும். சாதகம் பொருந்தியிருந்தது. அக்காவின் படத்தை அவர்கள் பார்த்துவிட்டார்கள். இனி வந்து பெண்ணையும் வீட்டையும் பார்க்க வேண்டியதுதான் மிச்சம்.

அன்றிரவிலிருந்து அப்பாவுக்கு நித்திரை இல்லை. பெண்ணைப் பற்றிக் கவலை இல்லை, வீட்டைப் பற்றியும் இல்லை. ஒழுங்கைதான். பெரியப்பாவிடம் போய் யோசனை கேட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து போட்ட திட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வராது. ஜெட்டியில் இறங்குகிறவர்கள் நடந்தால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படி நடக்கவிடாமல் ஒரு வாடகைக் கார் பிடித்து, கோயில், சந்தை, கடற்கரை என்று ஊரைச் சுற்றிக் காட்டி, ஒழுங்கையின் மறுமுனையால் கொண்டுவருவது. வெளியில் சனம் நில்லாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாவது வேலையை அப்பா தானே செய்தார். முதல்நாள் பின்னேரம் வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். தனியே போக அவருக்குத் துணிவில்லையோ என்னவோ, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். லொறிக்கார மாமி முற்றத்தில் நின்று மா அரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் பிள்ளையைப் பாக்க வருகினம்," என்றார் அப்பா.

"தெரியும் அண்ணை. அதுக்குத்தானே நான் அரியதரம் சுட மா அரிக்கிறன். வெத்திலைத் தட்டம், செம்பு எல்லாம் என்னட்ட இருக்கு. எத்தினை மணிக்கு வரட்டும்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "வரவேண்டாம் தங்கச்சி. நாளைக்கு மட்டும் கொஞ்சம் கதவைச் சாத்தி வைச்சிருங்கோ. பிள்ளையளையும் வெளியில விடாதேங்கோ. ஒரு ரெண்டு மணித்தியாலம்."

"ஏன் அண்ணை, என்ன நடந்தது?" மாமி உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். மாமிக்கு மெல்ல விளங்கியது. அரிதட்டில் இருந்த கையை எடுத்துச் சேலையில் துடைத்தார். குரலே மாறிப்போனது. "சரி அண்ணை. பிள்ளையின்ர காரியம். நாங்கள் வாய் திறக்கமாட்டம்," என்றார்.

அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாக வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மற்ற வாசல்களிலும் ஓம் என்றார்கள். நானாவும் கடையின் முன்பலகையைப் போட்டு வைப்பதாகச் சொன்னார். ஒருவராவது சண்டைக்கு வந்திருந்தால் அப்பா திருந்தியிருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒருவரும் வரவில்லை. தங்களைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று அவர்களுக்கு முன்னரே தெரியும்.

மறுநாள் பின்னேரம் சங்கு ஊதி முடிந்தது. ஒழுங்கை முழுவதும் சாம்பல் கதவுகள் சாத்திக் கிடந்தன. ஒரு கோழி கூட இல்லை. காற்று மட்டும் மண்ணை உருட்டிக்கொண்டு போனது. நான் யன்னலடியில் நின்றேன். கார் வந்தது. மாப்பிள்ளை, தாய், தாய்மாமன் மூவரும் இறங்கினார்கள். ஊர் சுற்றிய சுற்றில் தாய்க்குத் தலை சுற்றியிருக்கவேண்டும், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி ஒழுங்கையை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாதான் "வாங்கோ, வாங்கோ, காத்து வெளியில பொல்லாதது," என்று உள்ளே கூட்டிவந்தார்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை நல்ல மனிசன் என்று எனக்குப் பட்டது. அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். "வீடு குளிர்ச்சியா இருக்கு. இந்த நீலம் வடிவு. ஆர் அடிச்சது?" என்று கேட்டார்.

அக்கா வாய் திறக்க முன்னர், "மேசன் பிடிச்சு அடிச்சது," என்றார் அம்மா. குமர்ப்பிள்ளை ஏணியில் ஏறிச் சுண்ணாம்பு அடித்தாள் என்றால் மதிப்பில்லை என்று அம்மாவுக்குப் பயம். அக்கா தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தாய்மாமன் வெற்றிலை மடித்தபடி, "அயலட்டை எப்பிடி?" என்று கேட்டார். சும்மா எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

அப்பா நிமிர்ந்து இருந்தார். இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தார். "நாங்கள் ஒருத்தரோடயும் புழங்கிறதில்லை," என்றார் பெருமையாக.

தாய் கிணற்றைப் பார்க்கப் பின்னுக்குப் போனார். நானும் போனேன். வேலிக்கு மேலால் லொறிக்கார மாமியின் குசினிக் கதவு தெரிந்தது. அதுவும் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பிள்ளை இருமியது. யாரோ வாயைப் பொத்தியது போல இருமல் பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் தாய் வேலியை ஒட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். பார்க்க வந்த கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

கார் போன பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மாமி மூடிய தட்டத்தோடு ஓடிவந்தார், நெய் வாசம் அவருக்கு முன்னால் வந்தது. "போயிட்டினமோ? என்ன சொன்னவை? நாங்கள் மூச்சே விடேல்லை. சின்னவன்தான் ஒருக்கா இருமிப்போட்டான், கேட்டதோ?" என்றார். கேட்கவில்லை என்று அம்மா சொன்னார். அரியதரம் நன்றாக இருந்தது. அதை ஒளித்து வைத்து நாலு நாள் தின்றேன்.

பதில் ஒரு கிழமை கழித்து வந்தது. கலியாணம் பேசுகிறவர் இந்தமுறை குடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். மாப்பிள்ளைக்கு விருப்பம், வீடும் பிடித்திருக்கிறது, தாய்தான் வேண்டாம் என்றுவிட்டார் என்றார்.

"ஒழுங்கையின்ர பேரைக் கேள்விப்பட்டிட்டினம், என்ன?" என்றார் அப்பா.

"எந்தப் பேர்? அவை குடாவுக்கு அங்கால இருக்கிற ஆக்கள். உந்தப் பேர் அவைக்கு எங்க தெரியும்?"

"பின்னை என்ன?"

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு அயலுக்குள்ள ஒரு குஞ்சு குருமான் எட்டிப் பாக்கேல்லையாம். ஆக்கள் உள்ளுக்கு இருந்துகொண்டு கதவைச் சாத்தி வைச்சிருக்கினமாம். நீங்களும் ஒருத்தரோடயும் புழங்கிறதில்லை எண்டு சொன்னனீங்களாம். அயலே ஒதுக்கி வைச்ச குடும்பம், என்ன குறையோ ஏதோ எண்டு தாய்க்காரி பயப்பிடுறா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆட்கள் பெண் பார்க்கப் போனால் வீட்டைப் பார்க்க முன்னர் வேலியைப் பார்ப்பார்கள். தட்டம் தூக்க, அடுப்பில் நிற்க, வந்தவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்க அயலில் பெண்கள் வந்து நின்றால்தான் அது மனிசர் மதிக்கிற வீடு. அப்பா அதை அறியாதவர் இல்லை. பெரியப்பாவும் அறியாதவர் இல்லை. ஒழுங்கையின் பெயருக்குப் பயந்த பயத்தில் இரண்டு பேரும் அதை மறந்துவிட்டார்கள்.

கலியாணம் பேசுகிறவர் போகுமட்டும் கதவு நிலையைப் பிடித்தபடி நின்ற அக்கா முன்னுக்கு வந்தாள். "நீங்கள்தானே சாத்தச் சொன்னனீங்கள் அப்பா. அதை அவையிட்டச் சொல்லுங்கோவன். முடிஞ்சுது."

"அதைச் சொன்னால் ஏன் சாத்தச் சொன்னனீங்கள் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும்."

"கேட்டால் இந்தப் பேரையும் என்ர வாயாலதான் சொல்லவேணும்," என்றார் அப்பா. அதோடு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பெரியப்பாவிடம் போய்விட்டார்.

சாத்தச் சொன்னது நான்தான் என்ற அந்த ஒரு வசனத்தை அவர் குடாவைக் கடந்துபோய்ச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். இப்போது யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது. அப்பாவுக்குத் தன் பிழை தெரியவில்லை. எல்லாம் இந்த ஒழுங்கையால் வந்தது, இங்கே இருக்குமட்டும் பிள்ளைக்கு நல்லது நடக்காது என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. நல்ல தெருவின் கடைசியில் ஒரு சின்ன வீடு வருவதாகப் பெரியப்பா சொன்னார். இரண்டு அறை, ஓதம் பிடித்த சுவர், கிணறு பங்குக் கிணறு. விலையோ எங்கள் வீட்டை விடக் கூடுதல். அதை வாங்க அவசரமாக இதை விற்கவேண்டியிருந்தது. அவசரமாக விற்கிறவனுக்கு வெறிகாரர் ஒழுங்கையில் யார் விலை கொடுப்பார்கள்? வாங்கிய விலைக்கும் கீழே போனது, குறைந்த காசுக்கு அப்பா கடன்பட்டார்.

வாங்கியவர் எதிர்ப்பக்கத்து நானா. மூத்த மகளுக்குச் சீதனம் கொடுக்க அவருக்கும் வீடு தேவையாக இருந்தது. அவர் சந்தோசப்பட்டு வரவில்லை. எங்கள் விறாந்தையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் சேர் போறீங்க? இந்தத் தண்ணி ரவுணில எங்கயும் கிடைக்காது. மகளிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

"அவள் சின்னப்பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா.

அக்காவுக்கு விசயம் தெரிந்தது அப்போதுதான். நானா போன பிறகு அவள் வந்து நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை. அழவில்லை. குரலும் உயரவில்லை.

"இது என்ர பேருக்கெண்டுதானே வாங்கினனீங்கள்?"

"ஓம் பிள்ளை. உனக்காகத்தானே விக்கிறன்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

அப்பா செருப்பைத் தேடுகிற மாதிரி கதிரைக்குக் கீழே பார்த்தார். அம்மா குசினிக்குள் போனார். அக்கா விறாந்தைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது. அதைக் கழுவாமலே போய்ப் படுத்தாள்.

மழைக்காலம் தொடங்க முன்னர் வண்டிலில் சாமான் ஏற்றினோம். லொறிக்காரர் தன் லொறியைத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றார் அப்பா. மாமி எங்கள் அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கி வைத்தார். அக்காவைக் கட்டிப்பிடித்து, "எங்களால ஏதும் பிழை வந்ததோ பிள்ளை?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். உண்மைக் காரணத்தை மாமிக்கு யாரும் கடைசிவரை சொல்லவில்லை. அவர் இறக்குமட்டும் தன் சின்னவனின் இருமலால்தான் சம்பந்தம் குழம்பியது என்று நினைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நல்ல தெருவுக்கு வந்த பிறகும் அக்காவுக்குச் சம்பந்தங்கள் வந்தன. வீடு சின்னது என்றார்கள், பங்குக் கிணறு என்றார்கள். பிறகு கலவரமும் யுத்தமுமாகக் கெட்ட காலம் வந்தது. இளம் ஆண்கள் கடல் கடந்தார்கள், காணாமல் போனார்கள். அந்த நாட்களில் எங்கள் நல்ல தெருவில்தான் வீடுகள் எரிந்தன. தெருவின் கடைசி என்பதால் எங்கள் வீடு தப்பியது. வெறிகாரர் ஒழுங்கைக்குள் ஒருவரும் நுழையவில்லை. எரிக்க வருகிறவர்களுக்கும் அந்தப் பெயரைக் கேட்டுப் பயமோ, எனக்குத் தெரியாது. பெரியப்பா குடும்பம் அந்தக் கிழமை முழுக்க நானாவின் மகள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தது. நீலம் அடித்த அதே அறையில். திரும்பி வந்து பெரியப்பா அந்த ஒழுங்கையைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லவில்லை. நுளம்புக் கடி அதிகம் என்றார்.

எனக்கு இருபத்தாறில் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வர ஒரு வீடு வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு வீடு. அக்காவுக்கு அப்போது முப்பத்தேழு. இனி அவளுக்கு எங்கே என்று பெரியவர்கள் முடிவுசெய்து, வீட்டை என் பேரில் எழுதினார்கள். கையெழுத்து வைக்கிற அன்று அக்கா எனக்குச் சேலை உடுத்திவிட்டாள். அன்றிலிருந்து அவள் என் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். என் பிள்ளைகளை வளர்த்தவள் அவள்தான். என் மனிசன் வருத்தமாய்க் கிடந்தபோது இரவு பகலாகப் பார்த்தவளும் அவள்தான். அவர் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு கிழவிகளும் மட்டும்.

இந்த வருடம் கச்சான் நேரத்தில் ஒருநாள், கனடாவில் இருக்கும் என் மகன் சொல்லி ஒரு காணித் தரகர் வந்தார். நல்ல பொடியன், என் பேரன் வயது. போனில் படங்களைத் தட்டித் தட்டிக் காட்டினான். வெறிகாரர் ஒழுங்கைக்கு இப்போது இங்கிலீசில் ஒரு பெயர். வெள்ளைக்காரர் தங்குகிற சின்ன ஹோட்டல்கள், வாசலில் போகன்விலா. எங்கள் பழைய வீட்டை ஒருவர் கேட்டாராம். நானாவின் பேரப்பிள்ளைகள் கொடுக்கவில்லையாம். கேட்ட விலையைச் சொன்னான். என் காது பிழை என்று நினைத்தேன்.

"எங்கட வீட்டுக்கு என்ன சொல்லுவினம், தம்பி?"

அவன் சங்கடப்பட்டான். "உங்கட றோட்டுக்கு இப்ப அவ்வளவு சொல்லேலாது அன்ரி. ஐஸ் போதைத்தூள் குடிக்கிற பொடியள் சந்தியில நிக்கிறாங்கள் எண்டு வாங்க வாற ஆக்கள் பயப்பிடுகினம். பேர் கொஞ்சம் பழுதாப் போச்சு."

சந்தியில் நிற்கிற பொடியன்களை எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர்தான் என் காஸ் சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்கிறவர்கள். அதைச் சொல்லலாம் என்று வாய் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். எத்தனை பேருக்குச் சொல்லுவது? அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

கேற்றைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது அக்கா பின்னறை வாசலில் நின்றாள். காது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் வேண்டியது கேட்கும். கூன் விழுந்த முதுகை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"பெடியன் வந்தது வீடு விக்கவோ?"

"மகன் விலை கேட்டுப் பாக்கச் சொன்னவன், அக்கா. அவ்வளவுதான். நான் விக்கேல்லை."

"விக்கிறதும் விடுறதும் உன்ர விருப்பம். உன்ர வீடு." கதவு நிலையைத் தடவிக்கொண்டாள். "விக்கிறதெண்டால் எனக்குக் கொஞ்சம் முந்திச் சொல்லு, என்ன."

"என்ன அக்கா கதைக்கிறாய்? உன்னட்டக் கேக்காமல் நான் ஏதும் செய்வனோ?"

"கேக்கத் தேவையில்லை," என்றாள் அக்கா. "சொன்னால் போதும்."